ஆயிரம் கோடி ரூபியாவுக்கு ஒரு வங்கி

1988ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி இந்தோனேசிய அரசு ஒரு சீர்திருத்தத் தொகுப்பை அறிவித்தது. 'பக்தோ' என்ற சுருக்கப் பெயரால்தான் இன்றும் அந்நாட்டு வங்கியாளர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆயிரம் கோடி ரூபியா மூலதனம் காட்டுகிற எவரும் புதிய வங்கி தொடங்க விண்ணப்பிக்கலாம் என்றது அந்த அறிவிப்பு. எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அன்றைய மாற்று விகிதத்தில் அது சுமார் 60 லட்சம் அமெரிக்க டாலர்தான். ஜகார்த்தாவில் ஓரளவு வசதியான தொழிலதிபர் ஒருவர் புரட்டிவிடக்கூடிய தொகை. வைப்புத்தொகையில் 15 சதவீதத்தை வங்கிகள் மத்திய வங்கியில் கட்டிவைக்க வேண்டும் என்றிருந்த விதி ஒரேயடியாக 2 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. அதுவரை அரசு வங்கிகளில் மட்டுமே பணத்தை வைத்திருந்த அரசு நிறுவனங்கள், அதில் பாதிவரை தனியார் வங்கிகளில் போடலாம் என்றானது. அந்த ஆண்டில் 111 ஆக இருந்த வங்கிகளின் எண்ணிக்கை, ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 240ஐ எட்டியது.

வளரும் நாடுகளின் நிதித் தாராளமயம் பற்றி நண்பர்களோடு விவாதிக்கும்போதெல்லாம் நான் இந்தோனேசியாவையே எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சந்தையா, அரசா என்று கட்சி கட்டிக்கொண்டு நாம் வழக்கமாகப் போடுகிற சண்டைக்குள் அந்நாட்டின் அனுபவம் அடங்குவதில்லை. அங்கே சந்தைக் கொள்கையைக் கொண்டுவந்தவர்கள் திறமைசாலிகள் என்று பெயரெடுத்த பொருளாதார நிபுணர்கள். அவர்கள் செய்தவற்றில் ஒரு பகுதி உண்மையாகவே கிராமத்து மக்கள்வரை போய்ச் சேர்ந்தது. அப்படியிருந்தும் 1998இல் நாட்டின் உற்பத்தி ஒரே ஆண்டில் 13 சதவீதம் சுருங்கியது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த ஆன செலவு ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியில் பாதியைத் தாண்டியது. கொள்கையே தவறு என்று இடதுசாரிகளும், கொள்கையை முழுமையாக நிறைவேற்றவில்லை என்று வலதுசாரிகளும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்தச் சீர்திருத்தம் முதலில் வந்தது, எது கடைசிவரை வராமலே போனது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது: அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு வலிக்காத சீர்திருத்தங்கள் விரைவாக நடந்தன, வலிக்கக்கூடியவை நடக்கவே இல்லை.

பொருளாதாரப் பாடத்தில் இந்தக் கொள்கையின் தொடக்கம் 1973 என்று சொல்லித்தருவார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் இருவர் அந்த ஆண்டில் தனித்தனியாக முன்வைத்த வாதம் அது. ஏழை நாடுகளின் அரசுகள் வட்டியைப் பணவீக்கத்துக்கும் கீழே அமுக்கி வைக்கின்றன. அதனால் சேமிப்பவர் நட்டமடைகிறார், மலிவான கடனோ செல்வாக்கு உள்ளவருக்குப் போகிறது. வட்டியை அவிழ்த்துவிட்டால் சேமிப்பு பெருகும், கடனும் தகுதியான இடத்துக்குப் போகும் என்றார்கள். நோயைப் பற்றிய அவர்களது கணிப்பை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். நம் நாட்டில் கடன் மேளாக்களைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். மருந்தைக் கொடுக்கப்போகிறவர் யார், அதே செல்வாக்குள்ளவர் வங்கியின் மறுபுறம் போய் முதலாளியாக உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் அந்த வாதத்தில் இடமிருக்கவில்லை.

இந்தோனேசியாவில் கதை இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. 1966இல் சுகர்ணோவின் ஆட்சி சரிந்தபோது பணவீக்கம் 600 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதிகாரத்தைக் கைப்பற்றிய தளபதி சுகார்த்தோவுக்குப் பொருளாதாரம் தெரியாது. தெரிந்தவர்களை வைத்துக்கொள்ளத் தெரியும். பாண்டுங் ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்திய விட்ஜோயோ நிதிசாஸ்திரோ, அலி வர்தானா, எமில் சலீம், முகமது சட்லி ஆகியோரை அவர் ஆலோசகர்களாக்கி, பின்னர் அமைச்சர்களாகவும் ஆக்கினார். இவர்களில் பலர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படித்தவர்கள் என்பதால் 'பெர்க்லி மாஃபியா' என்று எதிர்ப்பாளர்கள் பெயர் வைத்தார்கள். 1968இல் அரசு வங்கிகளின் நீண்ட கால வைப்புத்தொகைக்கு மாதம் 6 சதவீதம்வரை வட்டி கொடுத்து, மக்களின் பணத்தை மறுபடி வங்கிக்குள் வரவைத்தார்கள். வரவுக்குள் செலவு என்ற வரவுசெலவுத் திட்ட விதியைக் கொண்டுவந்தார்கள். அதைவிட வியப்பானது, 1971 வாக்கில் அவர்கள் மூலதனக் கணக்கைத் திறந்துவிட்டதுதான். பணத்தை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே எடுத்துச்செல்லவும் தடையில்லை என்ற அந்த நிலைமை அன்று பணக்கார நாடுகள் பலவற்றில்கூடக் கிடையாது.

பாடநூல் வரிசைப்படி மூலதனக் கணக்கு கடைசியில் திறக்கப்பட வேண்டியது. இவர்கள் ஏன் அதையே முதலில் செய்தார்கள்? கடலுக்கு அப்பால் கைக்கெட்டும் தூரத்தில் சிங்கப்பூர் இருக்கும்போது கட்டுப்பாடு ஏட்டில்தான் இருக்கும், கள்ளச்சந்தைதான் கொழுக்கும் என்பது அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன காரணம். அதில் உண்மை இருக்கிறது. அதற்குள் இன்னும் இரண்டு அரசியல் காரணங்கள் புதைந்திருப்பதாக நான் நினைக்கிறேன். நாட்டின் பெருமூலதனத்தில் பெரும்பகுதி சீன வம்சாவளி வணிகர்களிடம் இருந்தது. மக்கள்தொகையில் மிகச் சிறுபான்மையினரான அவர்கள், எந்தக் கலவரத்திலும் முதலில் தாக்கப்படுபவர்கள். வெளியேறும் வழி திறந்திருந்தால்தான் அவர்கள் பணத்தை உள்ளே வைப்பார்கள். அந்தப் பணத்தின் மேல்தான் புதிய ஆட்சி நின்றது. மற்றது நிபுணர்களின் சொந்தத் தற்காப்பு. தளபதிகளும் அமைச்சர்களும் கண்டபடி செலவழித்தால் பணம் மறுநாளே சிங்கப்பூருக்குப் பறந்துவிடும் என்ற அச்சம், வாக்கு வங்கியோ படைபலமோ இல்லாத அவர்கள் கையிலிருந்த ஒரே பிரம்பு. திறந்த எல்லையைக் காட்டி அதிபரைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களையே, 27 ஆண்டுகள் கழித்து அதே திறந்த எல்லை கவிழ்த்தது.

1974இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானதும் அந்தப் பிரம்புக்கு வேலையில்லாமல் போனது. பணம் கொட்டியது. அதே ஆண்டு ஜனவரியில், ஜப்பானியப் பிரதமர் தனாகா வந்திருந்தபோது, அந்நிய முதலீட்டுக்கும் அதனோடு கைகோத்த அதிகார வர்க்கத்துக்கும் எதிராக ஜகார்த்தா பற்றி எரிந்திருந்தது. மண்ணின் மைந்தர்களுக்கு, அவர்கள் மொழியில் 'பிரிபூமி'களுக்கு, மானிய வட்டியில் கடன் தரும் திட்டங்களை அரசு விரிவாக்கியது இந்தப் பின்னணியில்தான். ஒவ்வொரு வங்கிக்கும் கடன் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வட்டி விகிதம் அரசாணைப்படி நடந்தது. மொத்த வங்கிச் சொத்தில் ஐந்தில் நான்கு பங்கு அரசு வங்கிகளிடம் இருந்தது. அரசு எண்ணெய் நிறுவனமான பெர்த்தமினா, அதன் தலைவராயிருந்த தளபதி இப்னு சுத்தோவோவின் கீழ், எஃகு ஆலை முதல் கப்பல் வரை வாங்கிக் குவித்து, 1975இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது அதன் கடன் சுமார் ஆயிரம் கோடி டாலர் என்று தெரியவந்தது. அரசு அதைச் சுமந்தது. தளபதி மறு ஆண்டு பதவியிழந்தாரே தவிர, சிறைக்குப் போகவில்லை.

எண்ணெய் விலை இறங்கத் தொடங்கிய பின்புதான் நிபுணர்களின் சொல் மறுபடி அம்பலம் ஏறியது. கெட்ட காலம்தான் நல்ல கொள்கையைக் கொண்டுவரும் என்ற கருத்து இந்தோனேசியாவில் சட்லியின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. 1983 மார்ச்சில் ரூபியாவின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஜூன் 1ஆம் தேதி, நிதியமைச்சர் ராடியஸ் பிரவிரோவின் காலத்தில், கடன் உச்சவரம்புகள் நீக்கப்பட்டு, அரசு வங்கிகளே தம் வட்டியை முடிவு செய்யலாம் என்றானது. எண்ணெய் வருமானம் வற்றிய நிலையில் அரசுக்கு மக்களின் சேமிப்பு தேவைப்பட்டது. சேமிப்பு வர வேண்டுமென்றால் வட்டி கொடுத்தாக வேண்டும். இதற்கு எந்தச் சித்தாந்தமும் தேவைப்படவில்லை.

1983இன் விடுதலையால் விளைந்த நன்மையை, தாராளமயத்தைத் திட்டுகிற நம் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேங்க் ராக்யாத் இந்தோனேசியா என்ற அரசு வங்கிக்குக் கிராமங்கள்தோறும் சிறு கிளைகள் இருந்தன. நெல் சாகுபடிக்கு மானிய வட்டியில் கடன் கொடுக்க 1970களில் அவை தொடங்கப்பட்டன. கொடுத்த கடன் திரும்பவில்லை. மானிய வட்டியில் கொடுத்தால் கிளையின் செலவே கட்டுப்படியாகாது. சேமிக்க வருபவருக்கு, கடன் வாங்குபவர் கட்டுவதைவிட அதிக வட்டி தர வேண்டியிருந்த விசித்திரமும் நடந்தது. மூடிவிடலாமா என்ற நிலையில், 1984இல், எந்தத் தொழிலுக்கும் கடன் தரலாம், மாதம் ஒன்றரை சதவீதம் வட்டி வாங்கலாம் என்று மாற்றினார்கள். கேட்டவர்கள் கந்துவட்டி என்றார்கள். ஆனால் கிராமத்துச் சந்தையில் காய்கறி விற்பவருக்கு அதுவரை கிடைத்துவந்த கடனோடு ஒப்பிட்டால் அது மலிவு. இரண்டாண்டு கழித்து, நினைத்தபோது எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கொன்றை அறிமுகப்படுத்தினார்கள். கடனைவிடச் சேமிப்பு அதிகமாக வந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கிளைகள் லாபம் ஈட்டத் தொடங்கின. 1998இல் நாட்டின் பெருவங்கிகள் எல்லாம் கவிழ்ந்தபோது, சந்தை வியாபாரிகள் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள், மக்கள் பிற வங்கிகளிலிருந்து எடுத்த பணத்தை இங்கே கொண்டுவந்து போட்டார்கள். வட்டியை விடுவித்ததால் ஏழைகள் அழிந்தார்கள் என்று இந்தோனேசியாவைக் காட்டி யாரும் வாதிட முடியாது. அந்நாட்டு வங்கிகளை மூழ்கடித்த கடன்களை ஏழைகள் வாங்கவில்லை.

பக்தோ வந்தபோது நிதியமைச்சர் சுமர்லின். எண்ணெய் விலை 1986இல் மறுபடி விழுந்திருந்தது. ஏற்றுமதித் தொழிலுக்கு முதலீடு வேண்டும், அரசு வங்கிகள் மந்தமாக இருக்கின்றன, போட்டி வந்தால்தான் விழித்துக்கொள்ளும் என்பது நிபுணர்களின் கணக்கு. அதே காலத்தில் அவர்கள் இறக்குமதி உரிமங்களையும் குறைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக், எஃகு, கோதுமை மாவு என்று ஒவ்வொன்றிலும் அரண்மனைக்கு நெருக்கமானவர்களின் ஏகபோகம் இருந்ததால், அங்கே ஒவ்வோர் அங்குலமும் போராட்டமாயிற்று. வங்கித்துறையில் எதிர்ப்பே இல்லை. இது எனக்கு முதலில் புதிராக இருந்தது. ஏகபோக உரிமம் வைத்திருந்தவர்களின் பெயர்ப்பட்டியலையும் புதிய வங்கிகளின் உரிமையாளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிர் விலகிவிடும். அதிபரின் மகன் பாம்பாங் திரிஹத்மோஜோவுக்கு வங்கி, மகள் தித்தியெக்குக்கு வங்கியில் பங்கு, தாய் ஒன்று, தந்தை வேறான தம்பி புரோபோசுதெட்ஜோவுக்கு ஒரு வங்கி. நாட்டின் மிகப்பெரிய தனியார் வங்கியான பி.சி.ஏ., சுகார்த்தோவின் நெடுநாள் நண்பரான லியெம் சியோ லியோங்குடையது. அதில் 30 சதவீதப் பங்கு அதிபரின் மகன் சிகித்திடமும் மூத்த மகள் தூத்தூத்திடமும் இருந்தது. முன்பு அரசு வங்கியின் மேலாளருக்குத் தொலைபேசியில் சொல்லி வாங்க வேண்டியிருந்த கடனை, இப்போது பொதுமக்களிடம் நேரடியாக வைப்புத்தொகை வாங்கித் தாங்களே தங்கள் நிறுவனங்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம். சீட்டு நடத்துகிறவரே மாதாமாதம் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டால் என்ன ஆகுமோ, அது சட்டப்படி நடந்தது.

சட்டப்படி என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. சொந்தக் குழுமத்துக்கு இவ்வளவுக்கு மேல் கடன் தரக்கூடாது என்ற வரம்பு அந்த பக்தோவிலேயே இருந்தது. அதை மீறியவரைத் தண்டிக்க வேண்டியவர்கள் மத்திய வங்கியின் ஆய்வாளர்கள். மத்திய வங்கியின் ஆளுநரோ அதிபர் நினைத்தால் வைக்கவும் நீக்கவும் கூடியவர். வங்கி உரிமத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் அவர் கையில்கூட இல்லை, நிதியமைச்சர் கையில் இருந்தது. அதிபரின் மகனுடைய வங்கிக் கணக்கைப் புரட்டிப் பார்க்கப் போகிற இளநிலை ஆய்வாளர், அறிக்கையில் எதை எழுதுவார், எதை விடுவார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. பல வங்கிகளில் ஓய்வுபெற்ற மத்திய வங்கி அதிகாரிகளும் படைத் தளபதிகளும் இயக்குநர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

வரப்போவதன் அறிகுறிகள் 1990இலிருந்தே தெரிந்தன. அந்த ஆண்டில் பேங்க் தூத்தா என்ற வங்கி, அந்நியச் செலாவணிச் சூதாட்டத்தில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அதன் பெரும்பங்கு சுகார்த்தோ தலைமை வகித்த அறக்கட்டளைகளுக்குச் சொந்தம். அந்த அறக்கட்டளைகளின் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது: அரசு வங்கிகளின் லாபத்தில் ஒரு பகுதியை அவற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்று 1970களின் இறுதியில் ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தது. இவற்றில் ஒன்றான சூப்பர்செமார் அறக்கட்டளை அப்பணத்தை அரசுக்குத் திருப்பித்தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதியாகச் சொன்னது. தீர்ப்பைக் கேட்க சுகார்த்தோ உயிரோடு இல்லை. தூத்தாவின் இழப்பை லியெம் உள்ளிட்ட நண்பர்கள் தம் பணத்தால் நிரப்பினார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் பிரதிபலன் எதிர்பார்க்கவில்லை என்று நம்ப விரும்புபவர்கள் நம்பலாம்.

இரண்டாண்டு கழித்து, 1992 டிசம்பரில், பேங்க் சும்மா மூடப்பட்டது. அதன் உரிமையாளரான சூர்யஜயா குடும்பம், வங்கியின் கடனை அடைக்க, அவர்கள் பெருமையாக வளர்த்த அஸ்ட்ரா மோட்டார் நிறுவனத்தையே விற்க நேர்ந்தது. வாங்க முன்வந்தவர்களில் அதிபருக்கு வேண்டிய தொழிலதிபர்கள் இருந்தார்கள். விதி விதிதான் என்பதற்கு அன்று பலர் இதைச் சான்றாகக் காட்டினார்கள். தூத்தாவையும் சும்மாவையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த ஜகார்த்தாவின் வைப்பாளர்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறாக இருந்திருக்கும்: வங்கியின் கணக்கேட்டைவிட, உரிமையாளர் யாருக்கு வேண்டியவர் என்பதே பாதுகாப்பு.

மானியக் கடன்களை 1990 ஜனவரியில் நிபுணர்கள் பெருமளவு ஒழித்தார்கள். அவர்கள் மை உலர்வதற்குள், அதிபரின் இளைய மகன் தொம்மி, நாட்டின் கிராம்பு முழுவதையும் வாங்கி விற்கும் ஏகபோகத்தைப் பெற்றார். கிரெத்தெக் என்ற கிராம்பு சிகரெட் தொழிலையே தன் பிடிக்குள் கொண்டுவந்த அந்தத் திட்டத்துக்கு மத்திய வங்கியிலிருந்தே சலுகைக் கடன் போனது. பாப்பிண்டோ என்ற அரசு வளர்ச்சி வங்கியில் எடி தன்சில் என்ற தொழிலதிபர், முன்னாள் அமைச்சர் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தின் துணையோடு, சுமார் 1.3 லட்சம் கோடி ரூபியா கடன் வாங்கி ஏமாற்றியது 1994இல் வெளிவந்தது. தண்டனை பெற்றுச் சிறையிலிருந்தவர் 1996இல் தப்பிப் போனார், பிறகு பிடிபடவே இல்லை. அரசு வங்கி நன்று, தனியார் வங்கி தீது என்று சொல்ல வருபவர்களுக்கு இந்த வழக்கை நினைவுபடுத்துவேன்.

இதற்கிடையில் திறந்திருந்த எல்லை வழியாக டாலர் கடன் வந்துகொண்டிருந்தது. உள்நாட்டில் வட்டி 15 சதவீதத்துக்கு மேல். டாலரில் வாங்கினால் அதில் பாதிகூட இல்லை. ரூபியாவின் மதிப்பை மத்திய வங்கி ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்குள்தான் இறங்கவிட்டது. கூட்டல் கழித்தல் தெரிந்த எந்த நிதி மேலாளரும் டாலரில்தான் வாங்குவார். கடன் மிஞ்சுகிறது என்று 1991இல் அரசு உணர்ந்து, வெளிநாட்டுக் கடனுக்கு வரம்பு வைக்க ஒரு குழுவை அமைத்தது. அரசு நிறுவனங்களும் அரசு சார்ந்த திட்டங்களும் அந்த வரம்புக்குள் வந்தன. தனியார் குழுமங்களைத் தொடவில்லை. அவற்றைத் தொட்டால் யாரைத் தொட்டதாகும் என்பது குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். 1997இல் தனியார் வெளிநாட்டுக் கடன் 7,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயத்தை மிதக்கவிட்டது. ஆகஸ்ட் 14ஆம் தேதி இந்தோனேசியாவும் அவ்வாறே செய்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, கெட்டுப்போன ஏழு வங்கிகளை மூட வேண்டும் என்று ஆளுநர் சுத்ராஜாட் ஜிவாந்தோனோ அதிபரிடம் கேட்டிருந்தார். அதிபர் ஒப்புக்கொண்டு, தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார் என அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். மூட வேண்டிய வேளையில் மூடாத வங்கிகளை, மூடக்கூடாத வேளையில் மூடும்படி ஆனது. சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த ஒப்பந்தப்படி நவம்பர் 1ஆம் தேதி 16 வங்கிகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். வைப்பாளர்களுக்கு 2 கோடி ரூபியாவரைதான் உத்தரவாதம். அதற்கு மேல் வைத்திருந்த நடுத்தர வகுப்பினர், அடுத்த பட்டியலில் தம் வங்கி இருக்குமோ என்று அஞ்சி, நல்ல வங்கி கெட்ட வங்கி பார்க்காமல் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். மூடப்பட்டவற்றில் பாம்பாங்கின் பேங்க் அந்த்ரோமேடாவும் இருந்தது. அவர் நிதியமைச்சர் மீதும் மத்திய வங்கி ஆளுநர் மீதும் வழக்குத் தொடுத்தார். சில வாரங்களில் பேங்க் அல்ஃபா என்ற வேறொரு சிறு வங்கியின் உரிமத்தைக் கொண்டு, அதே கட்டடத்திலேயே கடையைத் திறந்தார். அதைப் பார்த்த பிறகு ரூபியாவை யார் கையில் வைத்திருப்பார்கள்?

நிதியம் செய்த தவறும் சிறியதில்லை. அச்சம் பரவியிருந்த நேரத்தில் முழு உத்தரவாதம் இல்லாமல் வங்கிகளை மூடச் சொன்னது நெருக்கடியைத் தணிக்கத் தவறியதை அதன் உள் அறிக்கையொன்றே இரண்டு மாதத்தில் ஒப்புக்கொண்டது. அதே நிதியம்தான் சில வாரங்களுக்கு முன், செப்டம்பரில் ஹாங்காங்கில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், மூலதனக் கணக்கைத் திறப்பதை உறுப்பு நாடுகளின் கடமையாக்கும் வகையில் தன் சாசனத்தைத் திருத்தும் முயற்சிக்கு ஒப்புதல் பெற்றிருந்தது. மூலதன ஓட்டத்தைச் சில நேரங்களில் கட்டுப்படுத்தலாம் என்று அது அதிகாரப்பூர்வமாகச் சொல்ல 2012 ஆயிற்று. ஆனால் எல்லாப் பழியையும் வாஷிங்டன் மேல் போட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1998 ஜனவரி 15ஆம் தேதி சுகார்த்தோ குனிந்து கையெழுத்திட, நிதியத்தின் தலைவர் காம்தெசூ கைகட்டி நின்று பார்த்த படம் ஆசியா முழுவதும் அவமானத்தின் சின்னமானது. அந்தக் காகிதத்தில் இருந்தவற்றில் கிராம்பு ஏகபோகத்தை ஒழிப்பதும் ஒன்று. நிபுணர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கிடைக்காததை, வெளியாள் வந்து எழுதி வாங்க வேண்டியிருந்தது.

2,400 அளவில் இருந்த டாலர் மதிப்பு அந்த ஜனவரியில் ஒரு கட்டத்தில் 16,000 ரூபியாவைத் தாண்டியது. மாத இறுதியில் அரசு எல்லா வைப்புத்தொகைக்கும் உத்தரவாதம் அளித்தது. ஆளுநர் சுத்ராஜாட், பதவிக்காலம் முடியச் சில வாரங்களே இருந்த நிலையில், நீக்கப்பட்டார். மே 21ஆம் தேதி சுகார்த்தோ பதவி விலகினார். அவர் குடும்பத்தின் பங்கு இருந்த பி.சி.ஏ.வின் வாசலில் கூடிய கூட்டம் கலைவதற்குள், மாத இறுதியில் அந்த வங்கி அரசின் கைக்கு வந்தது.

இந்தக் கதையில் மிக முக்கியமான பகுதி, மூழ்கும் வங்கிகளுக்கு மத்திய வங்கி கொடுத்த அவசரக் கடன். வைப்பாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கென்று 48 வங்கிகளுக்குப் போன தொகை 144.5 லட்சம் கோடி ரூபியா. அதில் மிகப் பெரும்பகுதி முறைகேடாகக் கையாளப்பட்டது என்று அரசுத் தணிக்கை அமைப்பு 2000இல் கண்டது. வைப்பாளர் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே உரிமையாளர்கள் அந்த ரூபியாவை டாலராக மாற்றி வெளியே அனுப்பினார்கள். அனுப்பத் தடையேதும் இல்லை. எல்லை 1971இலிருந்தே திறந்திருந்தது. மறுசீரமைப்புக்காக அரசு வெளியிட்ட கடன்பத்திரங்களையும் சேர்த்தால் மொத்தச் சுமை சுமார் 650 லட்சம் கோடி ரூபியா. வங்கிச் சொத்துகளை விற்று மீட்க அமைக்கப்பட்ட முகமை 2004இல் மூடப்பட்டபோது திரும்பியிருந்தது சுமார் 28 சதவீதம். கடனைத் திருப்பித் தருவதாக அரசோடு கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி கட்டி முடித்த உரிமையாளர்களுக்கு வழக்கிலிருந்து விடுதலை என்று 2002இல் அதிபர் மேகவதி ஆணையிட்டார். அதே ஆண்டில் பி.சி.ஏ.வின் 51 சதவீதம் சுமார் 53 கோடி டாலருக்கு அமெரிக்க முதலீட்டு நிதியம் ஒன்றின் தலைமையிலான குழுவுக்கு விற்கப்பட்டது. அந்த வங்கியிடம் அப்போது ஏறக்குறைய 60 லட்சம் கோடி ரூபியா அரசுப் பத்திரங்கள் இருந்தன; அவற்றுக்கான வட்டியை வரி கட்டுபவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த 110 லட்சம் கோடியை வசூலிக்க 2021இல் ஒரு சிறப்புக் குழு அமைக்கப்பட்டது. கடன் வாங்கியவர்களில் சிலர் அதற்குள் இறந்துவிட்டார்கள், வாரிசுகளுக்கு அழைப்பாணை போனது.

இந்திய வாசகருக்கு இதில் கொஞ்சம் நிம்மதி தோன்றக்கூடும். 1997இன் நடுவில், ரிசர்வ் வங்கி அமைத்த தாராபூர் குழு, மூன்றாண்டுக்குள் மூலதனக் கணக்கை முழுமையாகத் திறக்கலாம் என்று பரிந்துரைத்த சில வாரங்களில் தாய்லாந்து விழுந்தது; நாம் அந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுத் தப்பித்தோம். அதை முன்னறிவு என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. பொதுத்துறை வங்கி ஊழியர் சங்கங்களும், அரசுப் பத்திரங்களுக்கு நிரந்தர வாடிக்கையாளர்களாக வங்கிகளை வைத்திருக்க விரும்பிய நிதி அமைச்சகமும், கூட்டணி ஆட்சியின் தயக்கமும் சேர்ந்து உண்டாக்கிய தாமதம் அது என்பது என் கணிப்பு. நமக்கும் வலிக்காதது முதலில் நடந்தது. நம் நாட்டில் யாருக்கு எது வலிக்கும் என்பது வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வேறுபாடு நிலைத்திருக்குமா என்பதுதான் என் ஐயம். பெரும் தொழில் குழுமங்களுக்கும் வங்கி உரிமம் தரலாம் என்று 2020 நவம்பரில் ரிசர்வ் வங்கியின் உள் பணிக்குழு பரிந்துரைத்தது. சொந்தக் குழுமத்துக்குக் கடன் போவதைக் கண்காணிப்பால் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அதன் அடிப்படை. முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜனும் முன்னாள் துணை ஆளுநர் விரல் ஆச்சார்யாவும் அந்த நம்பிக்கையை உடனே கேள்விக்குள்ளாக்கினார்கள். சுகார்த்தோ காலத்து ஜகார்த்தாவில் இருந்ததைவிட நம் கண்காணிப்பு வலிமையானது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நாட்டின் முதல் பத்துக் குழுமங்களில் ஒன்றின் வங்கிக்குள் ஆய்வுக்குப் போகிற அதிகாரி, தன் அறிக்கையை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதிவிட்டு மறுநாள் அதே நாற்காலியில் உட்கார முடியுமா என்ற கேள்விக்கு எந்தக் குழுவின் அறிக்கையும் விடை சொல்லிவிட முடியாது. 2021 நவம்பரில் அப்பணிக்குழுவின் 33 பரிந்துரைகளில் 21ஐ ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்டது. இந்தப் பரிந்துரை அந்த 21க்குள் இல்லை. நிராகரிக்கப்பட்டதாகவும் அது அறிவிக்கவில்லை, மற்றவை பரிசீலனையில் இருப்பதாக மட்டும் சொன்னது.